எங்கே எழுதட்டும்?

சிஸ்டம் ஏற்றும் சிடி, அன்று சாயங்காலமும் நாகையாவிடம் அதே கேள்வியைக் கேட்டது.

‘பூட் லோடரை எங்கே எழுதட்டும்?’

மழைக்காகப் பிரிக்பீல்ட்ஸ் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான். சாக்கடை நாற்றத்தையும், சூடேறிய பிளாஸ்டிக் நெடியையும் மீறி, எத்தனை டெட்டால் ஊற்றித் தேய்த்தும் போகாத இன்னொரு வாடை மேசைக்கடியிலிருந்து எழுந்துகொண்டே இருந்தது.

கம்ப்யூட்டர் விழிக்கும்போது எந்த சிஸ்டம் எழ வேண்டும் என்று தீர்மானிப்பது அந்தப் பூட் லோடர்தான். வாடிக்கையாளரைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும் என்பான் கூட்டாளி வேலாயுதம். நாகையாவுக்கு அதெல்லாம் வெட்டிவேலை. படிக்காமலே எண்டரைத் தட்டுவான். அப்படித் தட்டித்தான் ஒரு வக்கீலின் பழைய சிஸ்டம் எழாமலே போனது.

“ஒரு வார்த்தை கேட்டா வாய் வலிக்குமா? அடுத்தவன் பொருள் லா!” என்று வேலாயுதம் கத்தியதும், நாகையாவின் கையிலிருந்த திருப்புளி அவன் காதுக்குள் பிடிவரை இறங்கியதும் போன வாரம். உடம்பைப் போர்ட் கிள்ளான் சதுப்பில் தள்ளிவிட்டு, திருப்புளியைக் கழுவி மேசையில் வைத்துக்கொண்டான் படுபாவி. நல்ல திருப்புளி, தூக்கிப் போட மனசு வருமா?

போன் அடித்தது. வேலாயுதத்தின் மனைவி பவுனம்மாள்.

“அண்ணே, அவர் ஏதும் போன் பண்ணாரா?”

“இல்லம்மா. வந்துருவான் லா, எங்க போயிடப் போறான்?”

ரிசீவரைத் தோளில் இடுக்கிப் பேசிக்கொண்டே, பழக்கதோஷம், எண்டரைத் தட்டிவிட்டான். பிறகுதான் திரையைப் பார்த்தான்.

ஹார்ட் டிஸ்க். பிளாப்பி. நாகையா.

வெளிச்சம் மூன்றாவதில் நின்றது. ‘எழுதியாயிற்று.’

அவன் மண்டைக்குள் ஏதோ சுழலத் தொடங்கியது. மூக்கில் உப்புச் சேறு நாறியது. ஐயோ, திரை மாறியது.

‘எதை எழுப்ப? ஒன்று, நாகையா. இரண்டு, வேலாயுதம். சும்மா இருந்தால், இரண்டு.’

திரையில் எண்ணிக்கை இறங்கியது. ஐந்து. நான்கு.

ஒன்றை அழுத்தப் பாய்ந்தான். விரல் அந்தரத்தில் நின்றது. ஓட நினைத்தான். கால் கேட்கவில்லை.

இரண்டு. ஒன்று.

வலது கை திருப்புளியை எடுத்தது. இடது உள்ளங்கையை மேசையோடு சேர்த்துக் குத்தியது. எலும்பு நொறுங்கியது. பிடுங்கியது. மறுபடி குத்தியது. ரத்தம் திரையில் தெறித்தது. கத்த வாய் திறந்தான்.

வாயும் அவனுடையதாக இல்லை.

“பவுனு, வந்துட்டேன் லா,” என்றது அது, ரிசீவரில். “சின்ன வேலை ஒண்ணு பாக்கி.”

திருப்புளி பிடுங்கிக்கொண்டு மேலே வந்தது. வலி மட்டும் நாகையாவுடையது.

“எந்தக் காது, நாகையா?” அவன் நாக்கே அவனைக் கேட்டது. “சொல்லு. நான் கேட்டுத்தான் செய்வேன்.”

பதில் சொல்ல அவனுக்கு வேறு நாக்கு இல்லை. ஈரமுனை முதலில் வலக்காதைத் தொட்டது, பிறகு இடக்காதை, மறுபடி வலக்காதை. அவசரமே இல்லாமல் காத்திருந்தது.