உரத்தடைக்கு முந்தைய வாரம்

செவ்வாய்க் கோளில், காற்றை அடைத்த கூரைக்குக் கீழே இருந்த நகரில் வெள்ளிக்கிழமை என்றால் புல்லுக்கு உரமிடும் நாள். அன்றும் வீட்டுக்கு வீடு கையில் கிண்ணத்துடன் ஆட்கள் குனிந்து நின்றார்கள். புல் செயற்கை இழைப்புல். விரித்த நாளிலிருந்து ஒரு நூல்கூட வளர்ந்ததில்லை.

சனிக்கிழமை கூரைக் குழாய்களிலிருந்து மழை பெய்யும். உரம் கரைந்து ஏரிக்குப் போகும். நகரத்தின் ஒரே குடிநீர் அந்த ஏரிதான். உரத்திலுள்ள பாஸ்பரஸைத் தின்று பாசி பெருகும். அது செத்து அழுகும்போது நீரின் உயிர்வளியை எடுத்துக்கொள்ளும். மீன்கள் மிதக்கும். ஏரி முழுவதும் பச்சையாகிவிட்டால் நகரத்தை மூடி, எல்லோரையும் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஏரியைக் காக்கும் அதிகாரி நித்திலா செவ்வாயில் பிறந்தவள். பூமியின் ஈர்ப்பில் அவளால் எழுந்து நிற்கக்கூட முடியாது.

பக்கத்து வீட்டு எபனேசரிடம் நயமாகச் சொல்லிப் பார்த்தாள்.

“அங்கிள், இது பிளாஸ்டிக். என்னத்தப் போட்டாலும் வளராது.”

“வளரணும்னு யாரும்மா சொன்னா? எதிர் வீட்டுல போடுறாங்க. நான் போடலைன்னா என்ன நெனைப்பாங்க?” அவள் வாசலை எட்டிப் பார்த்தார். “நீ போடாம விட்டு, எப்படி வெளுத்துக் கெடக்கு பாரு.”

சொல்லிப் பயனில்லை, சட்டம்தான் வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. நகர மன்றத்துக்கு நடையாய் நடந்து உரத்தடைச் சட்டத்தை வாங்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள். மக்கள் தயாராக வேண்டுமே என்று மன்றம் ஒரு வாரம் அவகாசம் மட்டும் கொடுத்தது.

அந்த வாரம் உரக்கடைகளில் கூட்டம் தாங்கவில்லை. எபனேசர் மூட்டை மூட்டையாகப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

“எதுக்கு அங்கிள் இவ்வளவு?”

“திங்கக்கிழமையிலேர்ந்து போடக் கூடாதாமே? வாங்குனத வீணாக்க முடியுமா? உன் வாசலுக்கும் ஒரு மூட்டை போட்டுட்டேன். தேங்க்ஸெல்லாம் வேணாம்.”

சனிக்கிழமை மழையை நிறுத்தச் சொல்லி மன்றத்திடம் கேட்டாள். அதற்குத் தனிச் சட்டம் வேண்டும் என்றார்கள். மழை பெய்தது.

தடை அமலுக்கு வந்தது. ஒருவரும் மீறவில்லை. சில நாட்களில் ஏரி கரைக்குக் கரை பச்சையானது. ஊரை மூடும் அறிவிப்பும் வந்தது. போவதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்று குடும்பம் குடும்பமாக ஏரிக்கு வந்தார்கள்.

கரையில், பூமியின் ஈர்ப்பில் நிற்க உதவும் தாங்கிக்காக நித்திலாவின் கால்களை அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். எபனேசர் அருகில் வந்து வெகுநேரம் ஏரியையே பார்த்தார்.

“என்னா பச்சை! என் வாசல் ஒரு நாளாவது இப்படி இருந்திருக்குமா?”

பிறகு எதிர் வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“எனக்கு மட்டும் சொல்லும்மா. என்ன உரம் போட்ட?”