முப்பது நாளில் மூன்று தேசம்

"ஏனுங்க... உங்க உலகம் என் கழுத்துலே குத்துதுங்க."

முன் சீட்டிலிருந்து திரும்பியவனின் கண்களை அன்னாள் அப்போதுதான் பார்த்தாள். ஜன்னல் வழியே அடித்த மழையில் நனைந்த முகம்... சிரிப்பதா, கோபிப்பதா என்று இன்னும் முடிவு செய்யாத கண்கள். சேலத்தில் பள்ளிக்கூடத்துக்காக வாங்கிய உலகப் படத்தைச் சுருட்டி மடியில் நிறுத்தியிருந்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் அதன் கட்டை அவன் பிடரியில் இடித்திருக்கிறது, பாவம். பூகோள டீச்சருக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

"நீங்க கொஞ்சம் குனிஞ்சு உக்காரலாமுங்க."

"ராசிபுரத்திலிருந்து குனிஞ்சுதானுங்க வாரேன். சரி, அதுலே சிங்கப்பூர் இருக்குங்களா?"

இருந்தது. நாமக்கல் வருவதற்குள் கதை முழுதும் வந்துவிட்டது. பேர் பாக்கியநாதன். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரி. சனவரி எட்டாம் தேதி தொடங்கி முப்பது நாள் லீவு. கொழும்பில் அத்தை, பினாங்கில் ஒரு கூட்டாளி, சிங்கப்பூரில் லாசர் மாமா. மூன்று தேசத்தையும் அந்த முப்பது நாளுக்குள் பார்த்துவிட வேண்டுமாம்.

"கடல்லேயே பாதி லீவு போயிருமுங்களே."

"அதுக்குத்தானே டீச்சரைக் கேக்கறேன்..."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், நாலு பேர் பார்க்கிற இடமாக, ரெண்டு பேரும் போகிற மாதா கோயில் வாசல் வேப்பமரத்தடியில் நின்று, அன்னாள் நோட்டை நீட்டினாள். முப்பது கட்டம். எந்த நாள் ரயில், எந்த நாள் கப்பல், எந்த நாள் எந்த ஊர் என்று அழகாக எழுதியிருந்தாள். அவன் நோட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"கொழும்பை அடிச்சுருங்க."

"ஏனுங்க?"

"நாள் பத்தலீங்க."

பத்தும் என்று அவள் கணக்குச் சொன்னது. இருந்தாலும் அடித்தாள். அதற்கடுத்த ஞாயிறு பினாங்கும் போயிற்று. கேட்டால் அதே பதில், நாள் பத்தலீங்க. முப்பதில் ரெண்டு தேசத்தைக் கழித்தபிறகும் நாள் எப்படிப் பத்தாமல் போகும்? அன்னாளுக்கு ஒன்றும் புரியவில்லை. வகுப்பில் ஆப்பிரிக்காவைக் காட்டுகிற குச்சி ஆஸ்திரேலியாவில் போய் நின்றது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

புரியவைத்தவள் அம்மா இன்னாசிமேரிதான். "அந்த மேஸ்திரிப் பையனுக்குச் சிங்கப்பூர்லே மாமன் மகள் இருக்காளாம். கட்டிக்கிட்டு அங்கேயே தங்கிருவான்னு பேசிக்கிறாங்க சாமி," என்றாள், கீரை ஆய்ந்துகொண்டே.

ஓ... அதுதானா? மிச்ச நாளெல்லாம் அவளோடு இருக்கத்தானா மற்ற ஊர்களை அடித்தது? போகட்டுமே, எனக்கென்ன... எனக்கென்ன என்று நினைக்கும்போதே கண் நிறைந்தது. அவனை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. அவன் போய்த் திரும்பாவிட்டால் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவனுக்கு வழி போட்டுக் கொடுத்தவளும் அவளேதான்.

மூன்றாம் ஞாயிறு அவன் வந்தான். நோட்டை வாங்காமலே சொன்னான்.

"சிங்கப்பூரையும் அடிச்சுருங்க."

அவ்வளவுதான், அன்னாளுக்கு வந்ததே கோபம்.

"என்னை என்னன்னு நெனச்சுட்டீங்க? வாராவாரம் எழுதறதும் அடிக்கறதுமே எனக்கு வேலையா? உங்க மாமன் மகளையே கேட்டு எழுதிக்குங்க."

அவன் முகம் சுருங்கிப்போயிற்று. பென்சிலை மெல்ல அவள் கையிலிருந்து வாங்கி, சனவரி ஒன்பது, பதினாறு, இருபத்துமூன்று... மூன்று கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டான்.

"இந்த மூணு ஞாயிறும் நான் நம்ம கோயில்லே இருக்கணுமுங்க. மாமன் மகள் வேண்டாம்னு மாமாகிட்டே நேர்லே போய்ச் சொல்லிட்டு வந்துரலாம்னுதான் பாத்தேன். மத்த ஊரையெல்லாம் அடிச்சுப் பாத்தும், கப்பல்லே போய் வர்றதுக்குள்ளே ஒரு ஞாயிறு தப்பிருதுங்க. நேத்து கடுதாசிலேயே எழுதிப் போட்டுட்டேன்."

அன்னாள் வட்டங்களையே பார்த்தாள். அடுத்தடுத்து மூன்று ஞாயிறு... கலியாணம் நிச்சயமானால் சாமியார் மூன்று ஞாயிறு பூசையில் பையன் பேரையும் பெண் பேரையும் வாசிப்பார். தடை இருந்தால் சொல்லுங்கள் என்பார். ஓலை வாசிப்பது என்று அதற்குப் பேர். அந்த ஓலைக்காகவா மூன்று தேசத்தை அடித்தான், இந்தப் பைத்தியக்காரன்?

"யார் பேரை வாசிக்க?" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ஒண்ணு என் பேரு. இன்னொண்ணுக்கு நீங்க சரின்னாத்தான் அம்மாவை உங்க ஊட்டுக்கு அனுப்புவேன். டீச்சரை எனக்குப் புடிச்சிருக்குங்க... கழுத்துலே குத்துன அன்னைக்கிருந்து. லீவு முடிஞ்சா நாப்பது நாள் நோன்பு, தபசுகாலம் வந்துரும், கலியாணம் வெக்க மாட்டாங்க. உயிர்த்த ஞாயிறு வரைக்கும் என்னாலே பொறுக்க முடியாதுங்க."

வேப்பங்காற்று அடித்தது. கோயில் வாசலில் அம்மா இவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்னாள் குனிந்துகொண்டு பென்சிலைத் திருப்பி வாங்கினாள். மூன்றாம் ஓலைக்குப் பின்னால் புதன்கிழமை கலியாணம் என்று வைத்தாலும் லீவில் இன்னும் பதினோரு நாள் சும்மா கிடந்தது.

முதலில் அடித்த கொழும்பை அந்தக் கட்டங்களில் மறுபடி எழுதினாள்.

"அத்தைக்குக் கடுதாசி போட்டுருங்க," என்றாள், தலை நிமிராமல். "ரெண்டு பேர் வாரோம்னு."