மாலைத் துறையின் நிறம்

நெடுங்குகை அரங்கில் கச்சேரி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பணியாளர்கள் வரிசை வரிசையாக வந்து ரசிகர்களின் கண்களை ஒட்டுவார்கள். மெல்லிய பசைப்பட்டைதான், வலிக்காது. இமைகள் மூடியதும் காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் அகத்திரை விழித்துக்கொள்ளும். மேடையில் வாசிப்பவரின் மனத்தில் என்ன காட்சி ஓடுகிறதோ, அதுவே முந்நூறு பேருக்குள்ளும் ஓடும். செவ்வாயின் தரைக்கடியில், எரிமலைக் குழம்பு குடைந்துவிட்டுப் போன அந்தக் குகையில் பிறந்தவர்கள் கடலையோ காட்டையோ கண்டதில்லை. பூமியிலிருந்து வந்த கலைஞர்களின் மனத்தில்தான் அவை இருந்தன.

செலினுக்கு நாற்பத்து மூன்று வயது. தூத்துக்குடியில் பிறந்தவள், பதினெட்டு ஆண்டுகளாக நெடுங்குகையில் பியானோ வாசிக்கிறாள். அவள் பெயரைச் சொன்னாலே ‘மாலைத் துறை’ என்பார்கள். வெர்னிக் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர், ஓர் ஓவியத்தின் முன்னால் ஒரு பகல் முழுக்க நின்றுவிட்டு வந்து எழுதிய இசை அது. ஓவியம் பின்னால் ஒரு தீவிபத்தில் எரிந்துபோனது. பழைய பட்டியல் ஒன்றில் அதன் பெயரும் அளவும் மட்டும் மிச்சம். அதில் என்ன வரைந்திருந்தது என்று எவருக்கும் தெரியாது. செலின் வாசித்தால் தெரிந்தது. படகுகள் கரை திரும்பும். கரையில் ஒருத்தி நின்று ஒவ்வொரு படகாகப் பார்ப்பாள். அவளுடைய படகு மட்டும் வராது. அரங்கில் பசைப்பட்டைகள் நனைந்து தாமாகவே கழன்று விழும்.

பதினெட்டாவது வருடம் அவள் மூளையிலிருந்து ஒரு சிறு கட்டியை எடுத்தார்கள். அறுவை நன்றாகவே முடிந்தது. விரல்களுக்கு எந்தக் குறையும் இல்லை. நினைவும் தெளிவாக இருந்தது. வீட்டுக்கு வந்து பியானோ முன் உட்கார்ந்து கண்ணை மூடியபோதுதான் தெரிந்தது. படகு என்று நினைத்தாள். படகு என்ற சொல் வந்தது, படகு வரவில்லை.

பனிச்சுரங்கத்தில் வேலை முடிந்து அவள் கணவன் சவரிராயன் வந்தபோது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“கொஞ்சம் அந்த ரூமுக்குப் போங்க,” என்றாள். போனான். “இப்ப வாங்க.” வந்தான்.

“என்ன செலின், என்னாச்சு?”

“நீங்க அங்க போனதும் உங்க மூஞ்சிய நெனச்சுப் பாத்தேன். வரல. மீசை இருக்குன்னு தெரியுது. மீசையப் பாக்க முடியல.”

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். “டாக்டரக் கேப்போம்.”

“கேட்டுட்டேன். திரும்பாதாம்.”

உள்ளே காட்சி இல்லாதவர் மேடையேறக் கூடாது என்பது குடியிருப்பின் விதி. ஆண்டுதோறும் தேர்வு உண்டு. தேறாவிட்டால் பாசி வளர்க்கும் தொட்டிகளில் வேலை கொடுப்பார்கள். செலினுக்கு அந்த வேலைகூடப் பெரிய பயமாக இல்லை. இத்தனை காலம் தான் வாசித்தது இசையையா, அந்தப் பெண்ணையா என்ற கேள்விதான் அவளை உறங்கவிடவில்லை.

பல வருடங்களாகத் தொடாத இசைத்தாளை எடுத்து விரித்தாள். கடைசிப் பக்கத்தில் இடது கைக்கு ஒரே கீழ்ச்சுரம், பதினோரு முறை. அவள் காட்சியில் அந்தப் பெண் திரும்பி வீட்டுக்கு நடப்பாள். ஒவ்வொரு அடியாகத் தளர்ந்து, தேய்ந்து மறைவாள். அதனால் செலினும் தளர்த்தித் தேய்த்தே வாசித்து வந்தாள். தாளில் வெர்னிக் எழுதியிருந்தது வேறு: ‘எல்லாம் சமமாக. வேகமும் பலமும் குறையக் கூடாது.’

எழுதியிருந்தபடி வாசித்தாள். சவரிராயன் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றான்.

“இது என்ன, புதுசா?”

“அதேதான். எழுதினபடி வாசிச்சேன்.”

“அந்தப் பொம்பள வீட்டுக்குப் போறாளே, அதக் காணோமே.”

“அவ இதுல எப்பவுமே இருந்ததில்ல போல.”

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். “யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு. நம்ம வீட்டுல சாவு விழுந்தது தெரியாம, பக்கத்து வீட்டுல அவங்க பாட்டுக்கு அடிக்கிறாங்க.”

செலின் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினெட்டு வருடத்தில் அவள் வாசிப்பைப் பற்றி, அதில் தெரிந்த படத்தை விட்டுவிட்டு, யாரும் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பு அரங்கின் இயக்குநர் பார்கவியிடம் உண்மையைச் சொன்னாள். பார்கவி கெட்டவள் இல்லை. வழி கண்டுபிடிக்கவே பார்த்தாள்.

“போன வருஷக் காட்சி பதிவுல இருக்கு. அத ஓட்டிடறேன். நீங்க கூடவே வாசிச்சுடுங்க. யாருக்கும் தெரியாது.”

“அதுக்கேத்த மாதிரி வாசிக்கணும்னா கடைசிப் பக்கத்தைத் தப்பா வாசிக்கணும் மேடம்.”

“தப்புன்னு யார் சொன்னா? முந்நூறு பேர் அழறாங்களே.”

“வேண்டாம். ஒண்ணும் ஓட்டாதீங்க. கேக்கட்டும்.”

“உரிமம் போயிடும் செலின்.”

“தெரியும்.”

கச்சேரியன்று ரசிகர்களின் கண்கள் ஒட்டப்பட்டன. செலின் வாசித்தாள். முந்நூறு பேருக்குள்ளும் இருட்டு மட்டுமே இருந்தது. இருமல்கள் எழுந்தன. ஒருவர் கையைத் தூக்கிப் பணியாளரைக் கூப்பிட்டார். மூன்றாம் பக்கத்தில் எல்லாம் அடங்கியது. அவள் ஒவ்வொரு சுரத்தையும் அப்போதுதான் முதலில் கேட்பவள்போல் வாசித்தாள். கடைசிப் பதினோரு அடிகளும் ஒன்றுபோல், இரக்கமில்லாமல் விழுந்தன. பிறகு நெடுநேரம் யாரும் கைதட்டவில்லை. விம்மல் கேட்டது. அதன்பின் அரங்கமே எழுந்து நின்றது. இசையைக் கேட்டுவிட்டார்கள் என்று நினைத்துச் செலின் அழுதாள்.

வெளியே ஒரு வயதான பொறியாளர் மனைவியோடு காத்திருந்தார். செலினின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

“அந்த இருட்டும்மா. இத்தன வருஷமா தெரியாமப் போச்சே. ஓவியமே அதுதான். முழுக்கக் கறுப்பு.”

“கடைசியில அந்தப் பதினோரு அடி,” என்று செலின் மெதுவாகக் கேட்டாள், “அது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

அவர் மனைவியைப் பார்த்தார். “எந்த அடி?”

“முடிவுல. இடது கையில.”

“அப்பத்தான் கறுப்பு இன்னும் கனமாச்சு,” என்றாள் அவர் மனைவி. “நாங்க அதுலயே இருந்துட்டோம். வேற எதையும் கவனிக்கல.”

இரண்டு மாதத்துக்குள் மற்றப் பியானோ கலைஞர்களும் மனத்தில் கறுப்பை மட்டும் கொண்டுவரப் பழக ஆரம்பித்தார்கள். அரங்கத்து வாசலில் கறுப்புப் பலகைகள் வைத்தார்கள்; குடும்பம் குடும்பமாக அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். உரிமம் போகவில்லை; கறுப்பையே காட்சியாக ஏற்றுக்கொண்டு, ஆண்டுத் தேர்வில் செலினுக்கு முதலிடம் கொடுத்தார்கள். மற்றவர்களின் கறுப்பில் ஏதாவது ஒரு மூலையில் வெளிச்சம் கசிவதாகவும், இவருடையது கலப்படமற்றது என்றும் தேர்வாளர்கள் எழுதியிருந்தார்கள். சவரிராயன் அந்தத் தாளைப் படித்துவிட்டு மடித்து வைத்தான்.

அடுத்த கச்சேரிக்கு முந்தின வாரம் பார்கவி அழைத்தாள். குரலில் மகிழ்ச்சியும் கொஞ்சம் சங்கடமும் இருந்தன.

“டிக்கெட் எல்லாம் தீர்ந்துபோச்சு செலின். ரசிகர்கள்கிட்டேந்து ஒரே ஒரு வேண்டுகோள்தான் வந்துக்கிட்டே இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க.”

“சொல்லுங்க மேடம்.”

“பியானோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்க முடியுமா? கறுப்பைச் சரியாப் பாக்க விடமாட்டேங்குதாம்.”