மிக்ஸிங் ரூமில் ஒரு கண்ணாடி அறை

கிணத்துக்கடவைத் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்த அந்தப் பழைய ஸ்பின்னிங் மில்லுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. சுள்ளென்று வெயில் அடித்தது. பேய்க்கதைக்கு ஏற்ற நேரமே அல்ல. ஆனால் நடந்தது முழுக்கப் பட்டப்பகலில்தான் நடந்தது. அதனால்தானோ என்னவோ, இப்போதும் எனக்கு ராத்திரியைவிடப் பகலைக் கண்டால்தான் பயம்.

என் பெயர் கிருபாசங்கர். ஆர்க்கிடெக்ட். என் மனைவி கீதா நடனம் படித்தவள். இப்போது தன் உடம்பையே வைத்து நிகழ்த்துகலை செய்கிறாள். கோவையில் நடந்த ஒரு கலைவிழாவுக்காக நாங்கள் இருவரும் சேர்ந்து ஒன்றை யோசித்திருந்தோம். ஆறடிக்கு நாலடியில், காற்றே புகாத ஒரு கண்ணாடி அறை. உள்ளே கீதாவும் இருபது தொட்டிச் செடிகளும். இரண்டு மணி நேரம் அவள் விட்ட மூச்சையே அவள் திரும்ப இழுக்க வேண்டும். வெளியே ஒரு மீட்டர், உள்ளிருக்கும் கரியமிலவாயுவின் அளவைச் சிவப்பு எண்களில் காட்டிக்கொண்டே இருக்கும். சன்னலைத் திறக்க வழியில்லாமல், ஏசியை நம்பி எழுப்பும் கண்ணாடிக் கட்டடங்களுக்கு ஒரு குத்தல் அது. சரவணம்பட்டியில் அப்படிப்பட்ட கட்டடங்கள் நாலை நானே கட்டியிருக்கிறேன். அந்த வெட்கக்கேட்டை யாரிடம் சொல்ல!

மில்லின் சொந்தக்காரர் சுந்தரராஜுலு எண்பதை நெருங்குகிறவர். வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"எந்த எடம் வேணுமோ எடுத்துக்கங்க தம்பி. மெயின் ஹால் ஜோரா இருக்கும்" என்றார்.

நான் பிடிவாதமாகப் பின்கட்டில் இருந்த மிக்ஸிங் ரூமைக் கேட்டேன். பஞ்சுப் பொதிகளைப் பிரித்துக் கலக்குகிற அறை. ஒன்றரை அடிச் சுவர், சன்னலே கிடையாது, வெளியே தாழ்ப்பாள் வைத்த ஒரே ஒரு இரும்புக் கதவு. ஆர்க்கிடெக்டுக்கு அதைப் பார்த்ததும் வாயூறிவிட்டது.

அவர் அந்தக் கதவின் தாழ்ப்பாளையே பார்த்தார். "அது வெறும் தூசிங்க… சரி, உங்க இஷ்டம்" என்றார். அறைக்குள் மட்டும் காலை வைக்கவில்லை.

மில்லைக் கூட்டிப் பெருக்க நாச்சியம்மாள் என்று ஒரு பெண்மணி இருந்தார். அறுபது வயதிருக்கும். அந்த இரும்புக் கதவைத் தாண்டும்போதெல்லாம் ஒரு செங்கல்லை எடுத்துக் கதவிடுக்கில் வைத்துவிட்டுப் போவார். நான் எடுத்துப் போடுவேன். திரும்ப வைப்பார்.

"கதவு மூடாம பாத்துக்கறனுங்க" என்பார். அவ்வளவுதான். எனக்கு எரிச்சலாக வரும்.

முதல் தப்பு என்னுடையது. கண்ணாடிக் கதவுக்கு உட்பக்கம் கைப்பிடி வைத்தால் அழகு கெடும் என்று வெளியே மட்டும் வைத்தேன். முடியவில்லை என்றால் கீதா மூன்று தடவை தட்ட வேண்டும், நான் திறக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

ஒத்திகையில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

தட். தட். தட்.

பாய்ந்து போய்த் திறந்தேன். கீதா நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் மடியில்.

"ஏனுங்க தெறந்தீங்க?"

"நீதான தட்டுன?"

"நானெங்க தட்டுனேன்? நல்லா ஆழ்ந்து உக்காந்திருந்தேன், கெடுத்துப்போட்டீங்க!"

மறுபடி மூடினோம். மறுபடியும் தட்டல். இந்த முறை ஒன்றைக் கவனித்தேன். சத்தம் கதவின் அடியிலிருந்து, என் கணுக்கால் உயரத்திலிருந்து வந்தது. திறந்தால் அவள் அசையாமல் அதே இடத்தில்.

கீதாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "நாளைக்கு அத்தனை பேர் முன்னாடி இப்படிப் பண்ணீங்கன்னா என்ற மானமே போயிரும். பயந்து பயந்து தெறக்காதீங்க, சொல்லிப்போட்டேன்."

சூட்டில் கண்ணாடி விரிகிற சத்தமாக இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். படித்தவன் இல்லையா!

மறுநாள் பதினோரு மணிக்கு ஐம்பது பேர் வந்திருந்தார்கள். பதினொன்று இருபதுக்குக் கண்ணாடிக் கதவை மூடித் தாழ்ப்பாள் போட்டேன். வெளிச்சம் கெடக் கூடாது என்று, நாச்சியம்மாளின் செங்கல்லை எடுத்துவிட்டு இரும்புக் கதவையும் மூடினேன். சுந்தரராஜுலு முதல் தடவையாக அறைக்குள் வந்து, கூட்டத்துக்குப் பின்னால் சுவரோரம் நின்றார்.

செடிகளின் ஈரமும் கீதாவின் மூச்சும் சேர்ந்து, கால் மணி நேரத்தில் கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டது. உள்ளே அவள் ஒரு நிழலாகத்தான் தெரிந்தாள். யாரோ "அற்புதம்" என்று முணுமுணுத்தார்கள்.

மீட்டரைப் பார்த்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வர வேண்டிய எண், இருபது நிமிடத்தில் வந்திருந்தது.

வயரை ஆட்டினேன். மீட்டரைத் தட்டினேன். எண் இறங்கவில்லை, ஏறியது. ஒரு ஆள் விடுகிற மூச்சுக்கு இப்படி ஏறாது. மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன்.

ஆறு பேர். உள்ளே ஆறு பேர் மூச்சு விட்டால்தான் அப்படி ஏறும்.

அப்போது வாசனை வந்தது. பஞ்சு கருகும் வாசனை.

தட். தட். தட்.

மீட்டரின் மூலையில் மணி 11:42.

கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது. நேற்று கீதா போட்ட சத்தம் காதில் நின்றது. இதுவும் பொய்த் தட்டலாக இருந்தால்? நான் நகரவில்லை.

தட்டல் நிற்கவில்லை. கதவின் அடியில், பக்கவாட்டில், பின்னால். ஒரு கை தட்டுகிற மாதிரி இல்லை. பல கைகள்.

11:44. கீதாவின் நிழல் சரிந்தது.

தாழ்ப்பாளை நோக்கிக் கையை நீட்டினேன். யாரோ என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்கள். சுந்தரராஜுலு. அவர் கண் என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தது.

"தெறக்காத! காத்து உள்ள போச்சுன்னா மொத்த மில்லும் பத்திக்கும். உள்ள ஆரும் இல்ல. தெறக்காதங்கறேன்!"

எண்பது வயசுக் கை. உதறியிருக்கலாம். நான் உதறவில்லை. அந்த அதிகாரக் குரலுக்கு என் உடம்பு கட்டுப்பட்டு நின்றுவிட்டது. உள்ளே என் மனைவி. அவள் உயிர். நான் நின்றேன், பாவி, நின்றேன்.

இரும்புக் கதவு படாரென்று திறந்தது. நாச்சியம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்னிக்காச்சும் தெறங்கய்யா!" என்று அலறிக்கொண்டே கண்ணாடிக் கதவின் தாழ்ப்பாளை இழுத்தார். மீட்டரில் 11:46.

உள்ளிருந்து சூடான காற்று பெருமூச்சாக வந்து எல்லார் முகத்திலும் அடித்தது. கீதா தொட்டிகளுக்கு நடுவே கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. செடிகள் இருபதும் கருகியிருந்தன.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாச்சியம்மாள் சொன்னார். முப்பத்து நாலு வருசத்துக்கு முன்னால் அந்த அறையில் பஞ்சு பற்றிக்கொண்டது. பஞ்சில் தீப்பிடித்தால் கதவை அடைத்துவிடுவது அந்த மில்லின் வழக்கம். காற்று இல்லாவிட்டால் தீ தானாக அவியும். எல்லாரும் வெளியே வந்தாயிற்று என்று நினைத்து முதலாளி அடைக்கச் சொல்லிவிட்டார். பிறகுதான் தட்டல் கேட்டது.

"அஞ்சு பொம்பளைங்க. ஒருத்தி என்ற தங்கச்சி. பொகைக்குப் பயந்து தரையோட படுத்துக்கிட்டுக் கதவடியில தட்டுனாங்க. நாங்க கெஞ்சுனோமுங்க. அவரு தாழ்ப்பாளை ஆரையும் தொடவே உடல."

"எங்கிட்ட முன்னாடியே ஏனுங்க சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களாக்கும்? செங்கல்லையே எடுத்துப் போட்டீங்க."



டாக்டரிடமும், விழாக்காரர்களிடமும், கீதாவின் அம்மாவிடமும் நான் ஒரே பதிலைச் சொன்னேன். தட்டினாள், உடனே திறந்துவிட்டோம். கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. எல்லாரும் அதை நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்திருந்தார்கள்.

நாலாம் நாள் கீதாவை வீட்டுக்கு அழைத்து வந்தேன். மத்தியான வெயில் கட்டிலில் விழுந்திருந்தது. தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்து, ரசஞ்சோறு கொஞ்சம் சாப்பிட்டாள். பழைய கீதாவாகத்தான் இருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நல்லவேளை அம்மணி, நீ தட்டுன" என்றேன்.

"நான் தட்டவே இல்லீங்க. கையைத் தூக்கவே முடியல." ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாள். "அவங்கதான் எனக்காகத் தட்டுனாங்க."

நான் சோற்றுத் தட்டை வாங்கிக் கீழே வைத்தேன்.

"தட்டுனதும் தெறந்தீங்களா?"

"உடனே தெறந்துட்டேன் கண்ணு. அடுத்த நொடியே."

கீதா முகத்தைக் கட்டிலின் மறுபக்கம் திருப்பினாள். அங்கே யாரும் இல்லை. யாரோ சொல்வதைக் கேட்கிறவள் போலச் சற்று நேரம் தலையைச் சாய்த்திருந்தாள். ஒரு தடவை "ம்" கொட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை, கொஞ்சம் வருத்தம்தான் இருந்தது.

"நாலு நிமிசமுங்க" என்றாள் மெதுவாக. "அஞ்சு பேரும் எண்ணிக்கிட்டே இருந்தாங்களாம்."