சூலூர் தாண்டிய செய்தி

சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்த கிருபாசங்கருக்கு மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிடும் என்றுதான் நினைப்பு. சரவணம்பட்டி தாண்டி இருந்த அந்த நூல் மில்லின் கம்ப்யூட்டர் அறைக்குள் சிரித்துக்கொண்டேதான் நுழைந்தான். தொண்ணூற்றொன்பதாம் வருடம். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களெல்லாம் கவிழ்ந்துவிடும் என்று ஊரே பயந்துகொண்டிருக்க, இந்த மில்லுக்கு வேறு தலைவலி. யூனிட்டுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகளும் மில் கணக்கும் ஒரே டேட்டாபேஸில் கிடந்தன. செய்திகள் குவியக் குவியக் கணக்கு நகர மறுத்தது. செய்திகளுக்குத் தனி டேட்டாபேஸ் போட்டு, சர்வரை அதன் பக்கம் திருப்பிவிட வேண்டும். அவ்வளவுதான்.

அறைக்கு ஜன்னல் கிடையாது. ஏசி குளிரில் பஞ்சு வாசனை. சுவருக்கு அப்பால் மெஷின்கள் ஓயாமல் இரைந்தன.

"பழைய செய்தியெல்லாம் அழிச்சுபோட்டுப் புதுசா ஆரம்பிக்கலாங்க அக்கா," என்றான்.

மில்லின் கம்ப்யூட்டர் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் புவனா பதறிப்போனாள். "ஐயோ, வேண்டாங்க தம்பி. அதுல எனக்கு வந்தது ஒண்ணு இருக்குதுங்க."

அவள் கணவன் கதிர்வேல் பல்லடம் யூனிட்டில் இருந்தவன். தினமும் அவளுக்கு ஒரு செய்தி தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் பைக்கை எடுப்பான். போன வருடம் ஒரு நாள், அவள் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தபோது, சூலூர் அருகே லாரி அவனை அடித்துப்போட்டது. அன்றைக்கு அவன் அனுப்பியது இன்னும் திறக்கப்படாமல் கிடக்கிறது. பெறுபவர் திறந்து படித்தால் செய்தி டேட்டாபேஸின் டேபிளிலிருந்து, அதாவது பட்டியலிலிருந்து, போய்விடும். அந்த சாஃப்ட்வேர் அப்படி.

"படிச்சுட்டா அவரு போயிருவாருங்க," என்றாள்.

கிருபாசங்கருக்கு மனசு என்னவோ செய்தது. "பத்திரமா புதுசுக்கு மாத்தித் தர்றேங்க."

புது டேட்டாபேஸில் டேபிள்களை உருவாக்கினான். சர்வரிடம் புது இடத்தைச் சொல்லி, நிறுத்தி மறுபடி கிளப்பினான். பழைய செய்தி எதையும் இன்னும் அதற்கு மாற்றவில்லை. புது டேபிள் காலியாகத்தானே இருக்க வேண்டும்?

ஒரு வரி இருந்தது.

அனுப்பியவர் கதிர்வேல். பெறுபவர் புவனா.

"நீங்க ஏதாச்சும் பண்ணுனீங்களாக்கா?"

"நான் தொடவே இல்லீங்க."

பல்லடம் யூனிட்டை மூடி, அங்கிருந்த கம்ப்யூட்டரையும் விற்றாயிற்று. கிருபாசங்கர் செய்தி வரும் வெளி டெலிபோன் லைனைப் பிடுங்கிப் போட்டான்.

அப்படியும் இரண்டாவது வரி வந்தது.

அவன் புவனாவின் பெயரில் திறக்காமல், டேபிளுக்குள்ளேயே எட்டிப் பார்த்தான். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்.

'அம்மணி, கிளம்பீட்டேன்.'

'சூலூர் தாண்டீட்டேன்.'

புவனா வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் தாண்டாத ஊர் அது.

'சிங்காநல்லூர்ல மழை. நனைஞ்சுட்டே வாரேன்.'

'கணபதி.'

"சர்வரை நிறுத்தீர்றேங்க அக்கா." குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

அவள் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ!

"நிறுத்துனா நடுரோட்டுல நின்னுபோடுவாருங்க."

'கேட்டுல நிக்கறேன். உள்ள உட மாட்டேங்கறாங்க.'

இன்டர்காம் அடித்தது. வாட்ச்மேன் பஷீர். "அம்மணி, கேட்டுல ஆளே இல்லீங்க. பைக் சத்தம் மட்டும் கேக்குதுங்க."

"கேட்டைத் திறந்து உடுங்கண்ணா," என்றாள் புவனா. அழவில்லை. முகத்தைத் துடைத்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, அறைக்கோடியில் இருந்த தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

சுவருக்கு அப்பால் மெஷின்களின் இரைச்சல் நின்றது.

கதவு திறந்தது. மழையும் பெட்ரோலும் கலந்த வாசனை உள்ளே வந்தது. வெளியே வராந்தாவில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

திரையில் இன்னொரு வரி. பெறுபவர் இந்த முறை புவனா இல்லை.

கிருபாசங்கர்.

அந்த மில்லின் கம்ப்யூட்டரில் அவன் பெயரே கிடையாது.

'ரொம்ப உபகாரமுங்க தம்பி. கதவைச் சாத்தீட்டுப் போங்க.'

"சொல்றாருங்கல்ல?" என்றாள் புவனா, அவனைப் பார்க்காமலே.

வெளியே பாய்ந்தான். கைப்பிடியை இழுக்கத் திரும்பியபோது அந்தச் சிரமம்கூட அவனுக்கு இருக்கவில்லை. கதவு தானாக மெதுவாகச் சாத்திக்கொண்டது. கதவிலிருந்த கண்ணாடிச் சதுரத்தின் வழியே பார்த்தான். புவனா அறைக்கோடியில் உட்கார்ந்தபடியேதான் இருந்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கம், அவன் முகத்துக்கு நேரே, யாரோ தாழ் போட்டார்கள்.