முடிச்சுப் போட்ட கொடிக்கயிறு

"கொடிக்கயிறு எங்க அக்கா?"

துவைத்த துணி வாளியோடு மாடியிலிருந்து இறங்கி வந்த சின்னவள் கேட்டாள். கேள்வி கயிற்றைப் பற்றியது மட்டுமல்ல என்பது அடுப்படியில் நின்ற பெரியவளுக்குத் தெரியும்.

"சாயங்காலம் கட்டிடறேன்மா."

"முந்தாநாளும் இப்படித்தான் காணோம். அப்புறம் ஈரமா வந்து தொங்குது. துணி போடாத கயிறு எப்படி நனையும்?"

பெரியவள் அடுப்பைத் தணித்தாள். இரண்டு மாதமாக அவள் எதற்குமே சரியாகப் பதில் சொல்வதில்லை. ஒரு நாள் எட்டு மணிக்கு வெளியே போவாள், மறுநாள் ஒன்பதுக்கு, அதற்கடுத்த நாள் பத்தை நெருங்கும்போது. நல்ல காரியத்துக்குப் போகிறவள் ஒரே நேரத்துக்கல்லவா போவாள்?

கூடத்தில் பெரியவளின் கொழுந்தன், அதாவது சின்னவளின் கணவன், ஃபைலோடு உட்கார்ந்திருந்தான். குடும்பத்து ஐஸ் ஆலையை அவன் நடத்துவதால் வீட்டிலும் அவனுக்கு மேனேஜர் என்றே பெயர். ஊருக்குத் தெற்கே அரசாங்கம் மீன்பிடித் துறைமுகம் கட்டி ரிப்பனும் வெட்டியாகிவிட்டது. அடுத்த மாதம் பெரிய படகுகள் வருமாம். படகு வந்தால் மீன், மீன் வந்தால் ஐஸ். அங்கேயே இரண்டாவது ஆலை போட்டுவிட வேண்டும் என்று மேனேஜர் துடித்தான். அதற்கு இந்த வீட்டை அடமானம் வைக்க வேண்டும். வீடோ, மாமனார் எழுதி வைத்தபடி பெரியவள் பேரில் இருந்தது.

"பதினொரு மணிக்கு பேங்க்ல இருக்கணும் அண்ணி. இன்னிக்காவது கையெழுத்துப் போடுவீங்களா?"

"போயிட்டு வந்து சொல்றேன் தம்பி."

"எங்க போயிட்டு?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"எதிர்க் கம்பெனிக்காரன் இந்த வீட்டுக்கு விலை கேட்டு ஆள் விடறானாம். ஆலையில ரெண்டு கிலோ எடைக்கல்லைக் காணோம். வீட்டுக்குள்ளயே யாரை நம்பறதுன்னு தெரியல..."

அவன் அரை டிராயர் போட்ட நாளிலிருந்து தலை வாரிவிட்டு வளர்த்தவள் பெரியவள். கணவரைப் பார்த்தாள். பெரியவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதருக்கு நேற்றைய செய்தித்தாளாக இருந்தாலும் பரவாயில்லை, முகத்தை மறைத்தால் போதும்.

அவள் துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மேனேஜர் பைக்கை உருட்டிக்கொண்டே தெருமுனை வரை பின்தொடர்ந்தான். அவள் தெற்கே போகும் பஸ்ஸில் ஏறியதும் பைக்கில் பின்னாலேயே போனான். அவள் துறைமுகத்தில் இறங்கி, காக்கிச் சட்டைக்காரர் ஒருவரிடம் ஏதோ பேசியபடி படகுகளைக் கட்டிப்போடும் மேடையின் விளிம்புக்குப் போனாள். தரகர்தான், சந்தேகமே இல்லை என்று அவனுக்குத் தோன்றியது.

"பையைக் காட்டுங்க அண்ணி."

வீட்டுப் பத்திரத்தைத் தேடிப் பைக்குள் கை விட்டவனுக்குக் கிடைத்தது கொடிக்கயிறு. முழத்துக்கொரு முடிச்சு. நுனியில் ஆலையின் எடைக்கல்.

"என்ன இது?"

"எங்க அப்பா ஆழம் பாக்கறது இப்படித்தான். கடல் இறங்கி நிக்கற நேரத்துல பாக்கணும். அந்த நேரம் தினம் முக்கா மணி, ஒரு மணி தள்ளிப் போகும். நானும் தள்ளித் தள்ளி வந்தேன்."

"திட்டத்துல ஒன்பது முழம் ஆழம்னு போட்டிருக்கே."

"நீயே விட்டுப் பாரு."

கயிற்றை இறக்கினான். நான்காவது முடிச்சில் கல் தரை தட்டியது. இடம் மாற்றி விட்டான், மறுபடியும் நான்கு. பெரிய படகுக்குக் குறைந்தது ஆறு வேண்டும் என்பது அவனுக்கே தெரியும்.

"ரெண்டு மாசம் முன்னாடி எட்டு இருந்துச்சு," என்றாள் பெரியவள்.

காக்கிச் சட்டைக்காரர், அந்த இடத்துக் காவலாளி, இருமிக்கொண்டே சொன்னார்: "தூர்வாரற மெஷினு ரிப்பன் வெட்டின மறுநாளே போயிடுச்சு சார். துறைமுகம் கட்டறதுக்குத்தான் பணம் ஒதுக்கினாங்களாம். வருஷா வருஷம் மணல் அள்ளறதுக்கு ஒண்ணும் ஒதுக்கலையாம்."

மேனேஜர் கயிற்றை மேலே இழுத்துச் சுருட்டினான்.

"ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?"

"படகுக்காரர் பொண்ணுக்கு பிசினஸ் என்ன தெரியும்னு நீதானே கேட்ட... ஒரு நாள் அளந்துட்டு வந்து சொன்னா நம்பியிருப்பியா?"

வீட்டுக்கு வந்து மேனேஜர் நடந்ததைச் சொன்னபோது, செய்தித்தாள் தானாகக் கீழே இறங்கியது.

"நம்ம ஆலைக்கு முதல் கம்ப்ரசர் எப்படி வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமாடா?" என்றார் பெரியவர். "எல்லாரும் லோன்னு நெனச்சீங்க. இவ அப்பா விட்டுட்டுப் போன படகை இவ வித்தா. சொல்ல வேண்டாம்னா. நானும் வாயை மூடிட்டு இருந்தேன்... இன்னிக்குக் காலையில கூட."

சின்னவள் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்து பெரியவளைக் கட்டிக்கொண்டாள். "ஈரக் கயித்தைப் பாத்து என்னென்னவோ நெனச்சுட்டேன்கா... மன்னிச்சிடுங்க." இருவரும் அழுதார்கள். இரண்டு மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் பெரியவள் கண்களில் வழிந்தது.

மேனேஜர் கடன் விண்ணப்பத்தைக் கிழிக்கப் போனான். பெரியவள் அவன் கையைப் பிடித்தாள்.

"கிழிக்காத. ஆலை வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. மெஷின் திரும்பி வரட்டும். ஏழாவது முடிச்சு நனையற அன்னிக்கு நானே உன்னைக் கூட்டிட்டுப் போய்க் கையெழுத்துப் போடறேன்."

அவன் தாளை மடித்து ஃபைலில் வைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு அண்ணி?"

"பத்தே முக்காலுக்கு. எடைக்கல்லை மறக்காம எடுத்துக்கோ."