ஹீட்டரில் வந்த குளிர்

ஹீட்டரைத் திருகினால் குளிர்ந்த காற்று வந்தது.

அரியலூர் ரோட்டில், சிமெண்டு லாரிகள் கிளப்பும் வெள்ளைத் தூசியில் பாதி மறைந்து நிற்கிற தகரக் கொட்டகைதான் மெக்கானிக் சாமிதுரையின் பட்டறை. சித்திரை வெயில் தகரத்தை அடுப்புக் கல்லாக்கியிருந்தது. அந்த வெக்கையில், என்றோ மலை எஸ்டேட்டில் ஓடிய பழைய காருக்குள்ளிருந்து முழங்காலில் ஜில்லென்று பட்டால் யாருக்குத்தான் கசக்கும்?

“ஏசி மாதிரில்ல வருது பஞ்சநாதா! இப்புடியே ஓட்டிக்கிட்டுப் போ.”

“நக்கலப் பாரு அண்ணனுக்கு!” என்றான் காரின் சொந்தக்காரன் பஞ்சநாதன். “பொண்ண கோத்தகிரியில குடுத்திருக்கேன். அதுக்குத்தான் இந்த வண்டி. புள்ள குளுருல வெறைக்கக் கூடாதுல்ல? ஆமா, நீங்க நாளைக்கி மவ வூட்டுக்குக் கெளம்புறீங்களாமே?”

“திருப்பூருக்குப்பா. தனியா கெடந்தது போதும், வந்துருங்கப்பான்னு ஜெயசுதா அழுவுது. உன் வண்டிய முடிச்சுட்டுப் பட்டறையப் பூட்டிருவேன்.”

பஞ்சநாதன் போனதும் சாமிதுரை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரேடியேட்டரில் தண்ணீர் தளும்ப நின்றது. தெர்மோஸ்டாட் புதுசு. இன்ஜின் கொதிக்கக் கொதிக்க ஓடியது. ஹீட்டருக்குப் போகிற குழாயும் அங்கிருந்து திரும்புகிற குழாயும் கையைச் சுட்டன. சுடுதண்ணீர் உள்ளே போய்த்தான் வருகிறது. காற்று மட்டும், சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பிறகு நீர் தேங்கிப் பாசி பிடித்த குழியின் வாசனையோடு, கிணற்றடிக் குளிர்ச்சியாக வந்தது.

இன்ஜினை நிறுத்திவிட்டு, சாப்பிட்ட அலுப்பில் முன்சீட்டிலேயே சாய்ந்தார். காற்று நிற்கவில்லை. மிச்சக் காற்றாக்கும் என்று விட்டுவிட்டார். வந்தது, அடங்கியது, மறுபடி வந்தது, தூங்குகிறவர்களின் மூச்சைப் போல. மனைவி லீலாவதி இறந்த பிறகு பக்கத்தில் இன்னொரு மூச்சு கேட்டுத் தூங்கியதே இல்லை அவர். தன் மூச்சையும் அதோடு ஒத்து விட்டுக்கொண்டே கண்ணயர்ந்தார்.

விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ரோட்டில் லாரிச் சத்தம்கூட இல்லை.

காற்று வந்துகொண்டிருந்தது.

சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. எழுந்து போய் பேட்டரி ஒயரைக் கழற்றினார். குனிந்து கேட்டார். வந்தது. அடங்கியது. வந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அதுவும் பிடித்துக்கொண்டது.

அப்படியே ஓடிப்போயிருக்கலாம். ஆனால் விடிந்தால் பஸ் ஏறவேண்டும். சொன்ன வேலையை முடிக்காமல் எப்படிப் போவது? குழாயில் ஏதோ அடைப்பு, அதுதான் இப்படிச் சத்தம் காட்டுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடைப்பு பார்க்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஹீட்டரின் இரண்டு குழாய்களையும் இன்ஜின் பக்கத்தில் கழற்றித் தண்ணீரை வடித்தார். ஒன்றின் முனையை வாயில் வைத்தார். மற்றதன் முனையில் உள்ளங்கையை ஏந்தினார். ஊதினார்.

கைக்கு எதுவும் வரவில்லை.

அடைப்பும் இல்லை. மூச்சு தங்குதடையின்றி உள்ளே போயிற்று. போய்க்கொண்டே இருந்தது, கரை தெரியாத இருட்டுக்குள் போவதைப் போல. நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை. நெஞ்சுக்கூட்டின் அடியில் கிடந்த கதகதப்பு வரைக்கும் வழித்துக்கொண்டு போயிற்று.

பிறகு அந்தப் பக்கமிருந்து யாரோ ஊதினார்கள்.

குளிர். பாசி வாசனை. தொண்டை வழியே நெஞ்சுக்குள்.

குழாயைத் துப்பிவிட்டுக் கொட்டகையின் மூலைக்கு ஓடினார். மகளுக்குப் போன் போட்டார்.

“அப்பா! துணியெல்லாம் எடுத்து வச்சாச்சா?”

வாயைத் திறந்தார். குரல் இல்லை. குளிர்காற்று மட்டும் வந்தது. அந்த வெக்கையிலும் போனின் கண்ணாடி வெள்ளையாகப் பனி பூத்தது.

“அப்பா? பேசுங்கப்பா.”

காருக்குள் ஹீட்டர் வீச ஆரம்பித்தது. இந்த முறை சூடாக. மூலையில் நின்றவரின் முகத்தில் கதகதவென்று பட்டது. அந்தக் காற்றோடு அவருடைய குரலும் வந்தது, கணீரென்று.

“எடுத்து வச்சுட்டேம்மா. கார்லயே வந்துடறேன். நீ கதவ மட்டும் தொறந்து வையி.”

“சரிப்பா! பாத்து வாங்க.” அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனை வைத்துவிட்டாள்.

சாமிதுரை கத்தினார். காற்று மட்டும் வந்தது.

ஆளில்லாத டிரைவர் சீட்டின் ரெக்சின், ஒருவர் வசதியாக உட்காருகிற பாரத்துக்கு, மெல்ல மெல்ல அமுங்கியது.